மருதமடு: காடு காத்த கோயில்

மரத்தாற் சமைத்த கோயில் எத்துணைக் காலம் நிற்கும்? வன்னி நாட்டுத் தச்சர் ஒருவரிடம் இவ்வினாவைக் கேட்பின், வைரமேறிய முதிரையானால் பேரப்பிள்ளை காலம்வரை நிற்கும் என்பார். வேறு மரமானால் அதனைக் கறையானிடம் கேளுங்கள் என்பார். மாரியும் கோடையும் மாறி மாறித் தாக்கும் இந்நிலத்திலே மரக்கட்டடத்துக்கு நூறாண்டு என்பது பெருவாழ்வு. ஆனால், வடபுலக் கோடியிலுள்ள நோர்வே நாட்டிலே ஏறத்தாழத் தொள்ளாயிரம் ஆண்டுகளாக ஒரு மரக்கோயில் நிற்கின்றது. ஊர்னெஸ் என்பது அது நிற்கும் சிற்றூரின் பெயர். மலைகளுக்கிடையே கடல் நெடுந்தூரம் புகுந்து கிடக்கும் ஒரு நீர்க்கரையிலே, மேட்டு நிலமொன்றில், கரிய நிறத்துடன் அக்கோயில் விளங்குகின்றது. 1130ஆம் ஆண்டளவில் எழுந்த அதனை 1979ஆம் ஆண்டிலே உலக மரபுச் சொத்துக்களுள் ஒன்றாக ஏற்றனர்.

அது நின்ற வகை அறியத்தக்கது. அந்நாட்டு முன்னோர் முதலில் நம்மவரைப் போலவே தூண்களை மண்ணில் நட்டுக் கோயில் எடுத்தனர். சில தலைமுறைக்குள் அடி இற்று வீழ்ந்தது. அதனால் அறிவு பெற்ற பின்னோர் கல் அடுக்கி, கல்லின்மேல் கிடைமரச் சட்டமிட்டு, அச்சட்டத்தின்மேல் தூண்களை நிறுத்தினர். மண்ணின் ஈரம் மரத்தைத் தொடாதாயிற்று. மேலே பைன் மரத்திலிருந்து வடித்த தார் பூசினர். இவ்வளவே மருமம். ஊர்னெஸ் கோயிலின் வடபுறச் சுவரிலே, ஒன்றையொன்று கவ்விப் பின்னிக் கிடக்கும் விலங்குகளைச் செதுக்கிய பலகைகள் சில உள்ளன. அவை அதே இடத்தில் முன்னிருந்த பழைய கோயிலின் பலகைகள். பழையதை எறிந்துவிட மனமின்றிப் புதியதன் மேனியிலே பதித்து வைத்தனர். ஆயிரத்துக்கு மேற்பட்டிருந்த இவ்வகைக் கோயில்களுள் அந்நாட்டில் இன்று எஞ்சியவை 28 மாத்திரமே.

இச்செய்திகளைப் படிக்குந்தோறும் முல்லைத்தீவில் வாழும் நமக்கு ஒரு கேள்வி பிறக்கின்றது. வன்னிக் காட்டிலும் மண்ணும் மரமும் ஓலையுமாக எத்தனையோ கோயில்கள் எழுந்தன. அவற்றின் தூணொன்றேனும் இன்று உண்டா? இல்லை. அவ்வாறாயின் அவற்றுக்கு வரலாறும் இல்லையென்று கூறிவிடலாமா? கட்டடத்தை வைத்தே கோயில் வரலாறு எழுதுவோர் அவ்வாறே கூறுவர். அது பொருந்தாக் கூற்று என்பதற்கு மன்னார் மாவட்டத்து மடுக் கோயிலைக் காட்டிலும் நல்ல சான்று நம் நாட்டில் வேறில்லை.

முதலில் பெயரை நோக்குவோம். மடு என்பது ஆழ்ந்த நீர்நிலை. ஆறும் ஓடையும் வற்றிய கோடையிலும் நீர் தங்கி நிற்கும் பள்ளத்தை நம் மக்கள் மடு என்பர். கிளிநொச்சிக்கு அணித்தாயுள்ள இரணைமடுவும், பண்டாரவன்னியன் 1803ஆம் ஆண்டு ஆங்கிலேயரால் தோற்கடிக்கப்பட்ட கற்சிலைமடுவும் இவ்வகைப் பெயர்களே. மருதமடு என்பது மருதமரம் நிழல் செய்யும் மடு. மருதமோ நீர்க்கரையை விரும்பும் மரம். ஒரு திணைக்கே தன் பெயரை ஈந்த மரம். முல்லையாகிய காட்டின் நடுவே மருதம் நின்றதெனின் அங்கே வற்றாத நீர் இருந்தது என்பது பொருள். வற்றாத நீர் இருந்தமையால் வழிப்போக்கர் அங்கே தங்கினர். தங்கினமையால் ஊர் உண்டாயிற்று. ஓடி வந்தோருக்கும் அந்நீரே அழைப்பாயிற்று. ஓர் ஊரின் ஆதிவரலாற்றைக் கல்வெட்டிலே தேடுவதற்கு முன்னர் அதன் பெயரிலே தேடுதல் நன்று என்பது நம் துணிபு.

அங்கே ஓடி வந்தோர் யாவர்? கதை மாந்தையிலே தொடங்குகின்றது. மாதோட்டம் எனப் பாடல்பெற்ற அப்பழந்துறை, கலங்கள் வந்து தங்கிய பட்டினம். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அங்கேதான் உள்ளது. பதினாறாம் நூற்றாண்டிலே போர்த்துக்கேயர் வந்தனர். மன்னாரில் கிறித்துவ சமயம் புகுந்தது. அதனைத் தழுவியோர் பலர் 1544ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் ஆணையால் வாளுக்கு இரையாயினர். 1560ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் மன்னாரைக் கைக்கொண்டனர். திருக்கேதீச்சரம் அவர்களால் இடிக்கப்பட்டு அழிந்தது. அதே மாந்தையில் மரியன்னைக்கு ஒரு கோயில் எழுந்தது. அங்கே ஆரோக்கிய மாதாவின் திருவுருவம் ஒன்று வழிபடப்பட்டு வந்தது.

ஒரு நூற்றாண்டு சென்றது. 1658ஆம் ஆண்டிலே ஒல்லாந்தர் மன்னாரையும் யாழ்ப்பாணத்தையும் பிடித்தனர். அவர்களும் கிறித்துவரே, ஆயினும் சீர்திருத்த சமயத்தினர். கத்தோலிக்கம் அவர்களுக்கு மாற்றான் சமயமும் மாற்றான் அரசியலுமாகத் தோன்றிற்று. கத்தோலிக்கக் குருமாருக்குப் புகலிடம் கொடுத்தல் கொலைத்தண்டனைக்குரிய குற்றம் எனச் சட்டம் செய்தனர். போர்த்துக்கேயர் கட்டிய கோயில்கள் ஒல்லாந்தரின் பள்ளிகளும் செபக்கூடங்களும் ஆயின. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்த ஒல்லாந்தக் குருவாகிய பல்தேயு, ஊர்தோறும் இருந்த அக்கோயில்களைப் படத்துடன் தம் நூலில் வருணித்துள்ளார். 1672ஆம் ஆண்டிலே வெளிவந்த அந்நூலைப் பார்ப்போர் ஒன்றை எண்ணிப்பார்த்தல் வேண்டும். சுவர்கள் ஒல்லாந்தர் கையிற் சென்றன. அச்சுவர்களுக்குள்ளே முழந்தாளிட்டிருந்த மக்கள் எங்கே சென்றனர்?

காட்டுக்குச் சென்றனர் என்பதே விடை. முன்னர்ச் சைவர்க்கு நேர்ந்தது பின்னர்க் கத்தோலிக்கர்க்கு நேர்ந்தது. இரண்டிலும் இழந்தோர் தமிழ்மக்களே. 1670ஆம் ஆண்டிலே மாந்தையிலிருந்து இருபது குடும்பங்கள் திருவுருவத்தைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டன என்று வழிவழிச் செய்தி கூறும். ஏறத்தாழ அதே காலத்தில் யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து எழுநூறு பேர்வரையில் வன்னிக்குள் நுழைந்தனர் என்பதும் அச்செய்தியின் பகுதி. இரு கூட்டத்தாரும் மருதமடுவிலே சந்தித்தனர். ஒரு கூட்டத்தாரிடம் திருவுருவம் இருந்தது. மற்றவரிடம் ஆள் இருந்தது. இவ்விரண்டும் கூடிய இடம் கோயிலாயிற்று.

ஏன் வன்னி? ஒல்லாந்தரின் ஆணை கோட்டையைச் சூழ்ந்த கரையோரத்திலே வலிதாயிருந்தது. உள்ளே செல்லச் செல்ல அது மெலிந்தது. வன்னியர் தலைவர்கள் யானையைத் திறையாகக் கொடுத்தும், கொடாது காலம் கடத்தியும் தத்தம் பற்றுக்களைத் தாமே ஆண்டு வந்தனர். அதற்கப்பால் கண்டியரசு. ஒல்லாந்தர் வன்னியை முற்றாக அடக்கியது 1782ஆம் ஆண்டிலேதான். ஆகவே நூற்றுப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் காடே மதிலாகவும், கொசுவே காவலாகவும் இருந்தன. காய்ச்சலுக்கு அஞ்சிப் பகைவர் வாரார், வந்தவர் பிழையார். ஒளித்திருந்தோரும் அக்காய்ச்சலால் மடிந்திருப்பர் என்பதை மறத்தலாகாது. புகலிடம் என்ற சொல்லைச் சொல்லும்போது நாம் நிழலை மாத்திரமே நினைக்கின்றோம்.

முதற் கோயிலை எடுத்தவள் ஒரு பெண் என்கிறது மரபுக்கதை. போர்த்துக்கேயப் படைத்தலைவன் ஒருவனின் மகள் எலேனா என்பாள் மருதமடுவிலே வாழ்ந்து, மாதாவுக்கு ஆலயம் அமைத்தாளாம். மக்கள் அவளைச் சாந்த லேனா எனப் போற்றினர். ஊரும் சில்லேன மருதமடு என வழங்கலாயிற்று. போர்த்துக்கேய மொழியின் அடைமொழியையும் பெண்ணின் பெயரையும் தமிழ்நா ஒன்றாக உருட்டி எடுத்த வடிவம் அது. இக்கதைக்கு ஓலைச்சான்று எங்கே எனக் கேட்பாரும் உளர். கேட்பது முறையே. ஆயினும் ஓடி ஒளிந்த மக்கள் ஓலை எழுதி வைப்பரோ? எழுதினால் அதுவே காட்டிக்கொடுக்கும். அவர்கள் பெயரிலே எழுதினர். ஊரார் நாவிலே எழுதினர். அந்நாவெழுத்தை அறவே தள்ளிவிடும் வரலாற்றாசிரியர்க்கு ஒல்லாந்தரின் கணக்கேடு மாத்திரமே மிஞ்சும். அதிலே ஓடிப்போனவன் குற்றவாளியாகவே காட்சியளிப்பான்.

அம்முதற் கோயில் எவ்வாறிருந்திருக்கும்? அக்காட்டிலே, அந்நிலையிலே, அது வன்னி வீட்டின் உருவத்திலன்றி வேறு உருவத்தில் எழுந்திருத்தல் அரிது. வைரப் பாலைமரத்தில் நான்கு கப்பு, மேலே வளை, வளையின்மேல் சிலாகை, சிலாகையின்மேல் கிடுகோ வைக்கோலோ, சுற்றிலும் இடுப்பளவு மண்சுவர், சாணமெழுகிய தரை. தச்சர்க்குப் பஞ்சமில்லை, மரத்துக்கு அதனினும் பஞ்சமில்லை. ஊர்னெஸ் கோயிலின் தச்சன் தூணைக் கல்மேல் ஏற்றினான். நம்மவன் மண்ணிலே நட்டான். இவன் அறியாமையால் அவ்வாறு செய்தான் என்று கூறல் நேர்மையன்று. நாளை ஓட வேண்டியவன் தொள்ளாயிரம் ஆண்டுக்குத் தூண் நடுவானா? கூரை இற்றால் வேய்வான். கப்பு இற்றால் மாற்றுவான். ஆண்டுதோறும் வேய்ந்து வேய்ந்து, பழைய கோயிலின் மேலேயே புதிய கோயில் பிறந்து கொண்டிருக்கும். நோர்வே மக்கள் பழைய பலகையைப் புதிய சுவரிற் பதித்தது போல நம்மவர் பழைய திருவுருவத்தைப் புதிய கூரையின்கீழ் வைத்தனர்.

ஈண்டு ஒரு சிறு விலகல். மரப்பொருள்களின் பெயர்களை ஈழத்தமிழர் பேச்சிலே கவனியுங்கள். நாற்காலியைக் கதிரை என்கிறோம். நீண்ட இருக்கை வாங்கு. துணி வைக்கும் பெட்டகம் அலுமாரி. காற்று வரும் வழி யன்னல். எழுதும் பலகை மேசை. இவை யாவும் போர்த்துக்கேயச் சொற்கள். மூன்றரை நூற்றாண்டுக்கு முன் அவர்கள் கப்பலேறிச் சென்றுவிட்டனர். அவர்கள் அமர்ந்த கதிரையும் வாங்கும் எப்பொழுதோ கறையானுக்கு இரையாயின. சொற்களோ சைவர் வீட்டிலும் கத்தோலிக்கர் வீட்டிலும் இன்றும் வைரம் பாய்ந்து நிற்கின்றன. மரம் இற்றபின்னும் மரத்தின் பெயர் நிற்குமாயின், கோயில் இற்றபின்னும் கோயிலின் நினைவு நிற்றல் வியப்பாகுமா?

குருமாரின்றி அம்மக்கள் நெடுங்காலம் வாழ்ந்தனர். 1687ஆம் ஆண்டிலே கோவாவிலிருந்து யோசேவ் வாஸ் அடிகள் மாறுவேடத்தில் இலங்கைக்கு வந்தார். ஒல்லாந்தர் கண்ணுக்குத் தப்பி, வீடு வீடாகச் சென்று, இரவிலே பூசை செய்து, சிதறிய மக்களை ஒன்று சேர்த்தார். கண்டியரசில் ஒற்றனென ஐயுற்றுச் சிறையிடப்பட்டு, பின்னர் அவ்வரசனின் நன்மதிப்பையே பெற்றார். 1711ஆம் ஆண்டு கண்டியில் உயிர் துறந்தார். அவர் வழிவந்தோருள் யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழிலும் சிங்களத்திலும் நூல்கள் இயற்றினார். அந்நூல்களைத் தமிழ் இலக்கிய வரலாற்றிலே ஒரு வரியில் கடந்து விடுகின்றோம். காட்டுக் கோயில்களிலே குரு வராத ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் வாசிக்கவும் செபிக்கவும் தமிழ் வேண்டியிருந்தது. அத்தேவையிலே பிறந்த உரைநடை அது. இலக்கிய மாணவர் எவரேனும் அத்துறையில் இறங்கினால் நமக்குப் பெரும்பயன் உண்டு.

ஆங்கிலேயர் வந்தபின் 1806ஆம் ஆண்டிலே கத்தோலிக்கர்மீது இருந்த தடைகள் நீங்கின. ஒளிந்து கும்பிட வேண்டிய காலம் போயிற்று. அதனோடு மடுவும் மறக்கப்பட்டிருக்கலாம். ஓடியவர் தத்தம் ஊர்க்கு மீண்டிருக்கலாம். நிகழ்ந்ததோ மறுதலை. ஊர்க்கு மீண்டவர் ஆண்டுதோறும் காட்டை நோக்கித் திரும்பி வந்தனர். தன் முன்னோர் ஒளித்திருந்த மரநிழலைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்பாதவர் யார்? ஒளிவிடம் யாத்திரைத் தலமாயிற்று.

யாழ்ப்பாணத்து ஆயராகிய பொஞ்சீன் ஆண்டகை 1872ஆம் ஆண்டிலே இன்றுள்ள பெருங்கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார். அவர் பிரான்சு தேசத்தவர்; அமலமரித் தியாகிகள் சபையினர்; கல்விப் பணியில் நாவலரோடு ஒரே காலத்தில் யாழ்ப்பாணத்திலே நின்றவர். அதே 1872ஆம் ஆண்டிலேதான், மண்மூடிக் கிடந்த திருக்கேதீச்சரத்தை மீள எடுத்தல் வேண்டுமென ஆறுமுக நாவலர் சைவமக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். எண்ணிப் பாருங்கள்: மாந்தையிலே அடுத்தடுத்து வீழ்ந்த இரு வழிபாடுகள், இரண்டையும் நிலைநிறுத்தும் முயற்சி ஒரே ஆண்டில். ஒருவரையொருவர் சமயவாதத்திலே எதிர்த்து நின்ற இருவர், தாம் அறியாமலே ஒரே பழைய காயத்துக்கு மருந்திட்டனர். இத்தகைய ஒப்புமைகளை நம் பாடநூல்கள் காட்டுவதில்லை. சைவர் வரலாறு ஓர் ஏட்டிலும் கத்தோலிக்கர் வரலாறு வேறோர் ஏட்டிலுமாகக் கட்டிவைத்து விட்டோம்.

பொஞ்சீன் தொடங்கிய பணியைப் பின்வந்த ஆயர்கள் முடித்தனர். முகப்பு எழுந்தது, குருமனை எழுந்தது. 1924ஆம் ஆண்டு யூலை 2ஆம் நாள், பாப்பரசரின் பெயரால் மாதாவின் திருவுருவத்துக்கு முடிசூட்டினர். 1944ஆம் ஆண்டு, உலகப் போரின் நடுவே, யாழ்ப்பாண ஆயர் கியோமார் ஆண்டகை கோயிலை அபிடேகம் செய்தார். 1981ஆம் ஆண்டு மன்னார் தனி மறைமாவட்டமாயிற்று. மடு அதனைச் சார்ந்தது.

யாத்திரையின் இயல்பைப் பற்றிச் சிறிது கூறல் வேண்டும். 1914ஆம் ஆண்டிலே தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பெறும்வரை மடுவுக்குச் செல்வோர் மாட்டு வண்டியிலும் கால்நடையாகவுமே சென்றனர். யானை, கரடி, காய்ச்சல், பாம்பு ஆகிய நான்கும் வழித்துணை. பாம்புக்கடிக்கு மடுக்கோயில் மண்ணே மருந்து என்ற நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியது. அம்மண்ணை ஒரு பிடி முடிந்து வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். கத்தோலிக்கர் மாத்திரமோ? சைவரும் சென்றனர், தென்னிலங்கையிலிருந்து சிங்களக் கத்தோலிக்கரும் பௌத்தரும் திரளாகச் சென்றனர். சிங்களவர் பலர் மாதாவிடத்திலே தம் பத்தினித் தெய்வத்தின் சாயலைக் கண்டனர் என்பர்.

இது முல்லைத்தீவார்க்குப் புதிதன்று. நம் வற்றாப்பளையிலே கண்ணகி அம்மன் கோயில் கொண்டிருக்கிறாள். வைகாசிப் பொங்கலுக்குக் கடல்நீர் எடுத்து விளக்கேற்றும் அக்கோயிலுக்குச் சமயம் கேட்டு ஆளை விடுவாரில்லை. கண்ணகியே சிங்களவர்க்குப் பத்தினி. காட்டிலும் கடலிலும் உயிரைப் பணயம் வைத்து வாழ்வோர், தெய்வத்தைத் தாயாகவே காண விழைவர். மடுவுக்கும் வற்றாப்பளைக்கும் கோட்பாட்டிலே எவ்வளவு தூரமோ, அங்கே செல்லும் பெண்களின் வேண்டுதலிலே அவ்வளவு அண்மை.

இனி நம் காலத்துக்கு வருவோம். 1990ஆம் ஆண்டிலே போர் மூண்டெழுந்தபோது மக்கள் மறுபடியும் மடுவை நோக்கி ஓடினர். ஐக்கிய நாடுகள் அகதிகள் உயர் ஆணையாளரின் அலுவலகம் அங்கே புகலிடம் ஒன்றை நடத்தியது. பல்லாயிரவர் கோயில் வளவிலும் மரநிழலிலும் குடியேறினர். கம்பு நட்டனர், கூரை வேய்ந்தனர், பிள்ளை பெற்றனர், இறந்தோரை அடக்கினர். 1670ஆம் ஆண்டின் வழிவழிச் செய்தியை ஐயுற்ற ஆராய்ச்சியாளர், 320 ஆண்டுகள் கழித்து அது எவ்வாறு நிகழ்ந்திருக்கும் என்பதைக் கண்ணாலே கண்டிருக்கலாம்.

அங்கும் காவல் இல்லாத நாள் வந்தது. 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் இரவு, கோயில் வளவிலே எறிகணைகள் வீழ்ந்தன. புகலிடமென நம்பி உள்ளே இருந்தோருள் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர், பலர் காயமுற்றனர். மாண்டோருள் குழந்தைகளும் இருந்தனர். இதனை எழுதுங்கால் உவமை தேட மனம் வரவில்லை. ஒல்லாந்தர் காலத்திலே கூட மருதமடுவுக்குள் சாவு இவ்வாறு நுழைந்ததாக அம்மரபுக்கதையில் இல்லை.

2008ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்திலே போர்முனை கோயிலை நெருங்கியது. குருமார் திருவுருவத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டனர். எங்கே சென்றனர்? தேவன்பிட்டிக்கு. அது மாந்தை மேற்குப் பிரிவிலே உள்ள கடலோரச் சிற்றூர். மாந்தையிலிருந்து கைகளிலே ஏந்திவரப்பட்ட திருவுருவம் 338 ஆண்டுகள் கழித்து மாந்தைப் பெயர் பூண்ட நிலத்துக்கே கைகளில் ஏந்திச் செல்லப்பட்டது. காட்டிலிருந்து கரைக்கு, முன்னைய ஓட்டத்தின் மறுதிசை. மாதாவில்லாத மடுக்கோயிலைப் படையினர் அம்மாத இறுதியிலே கைப்பற்றினர். அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்திலே திருவுருவம் மீண்டும் மடுவுக்கு வந்து சேர்ந்தது.

இவ்விடத்திலே நோர்வேயை மறுபடியும் நினைக்க வேண்டியுள்ளது. அந்நாட்டிலே வாங் என்னும் ஊரில் ஒரு மரக்கோயில் இருந்தது. ஊரார்க்கு அது போதாதாயிற்று, விற்றுவிடத் துணிந்தனர். தால் என்னும் ஓவியர் அதன் அழிவைப் பொறாது முயன்று, பிரசிய மன்னனைக் கொண்டு அதனை வாங்குவித்தார். 1841ஆம் ஆண்டிலே பலகை பலகையாகக் கழற்றிக் கப்பலேற்றினர். இன்று போலந்து நாட்டுக்குட்பட்ட ஒரு மலையூரிலே 1844ஆம் ஆண்டு அதனை மீளப் பூட்டி நிறுத்தினர். கோயில் பிழைத்தது, ஆனால் வாங் ஊரார் அதனோடு செல்லவில்லை. வேற்றுமொழி பேசும் மக்கள் அதற்குள் இன்று வழிபடுகின்றனர்.

சுவீடன் தேசத்துக் கிரூனா நகரின் கதை அதனினும் அண்மையது. 1912ஆம் ஆண்டிலே கட்டிய அந்நகர்ப் பங்கின் மரக்கோயில், நிலத்தின்கீழ் இரும்புச் சுரங்கம் விரிந்தமையால் இருந்தவிடத்தில் இருக்க இயலாதாயிற்று. 2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 19, 20ஆம் நாள்களிலே, 672 தொன் நிறைகொண்ட அக்கோயிலைக் கழற்றாமலே சக்கரங்களின்மேல் ஏற்றி, ஐந்து கிலோமீற்றர் தொலைவுக்கு மெல்ல மெல்ல நகர்த்திச் சென்றனர். மக்கள் தெருவோரம் நின்று பார்த்தனர். தொலைக்காட்சியிலே உலகமும் பார்த்தது. தேவன்பிட்டிக்குச் சென்ற திருவுருவத்துக்கு அத்தகைய சக்கரங்களில்லை. வழியிலே நின்று பார்ப்பதற்கு ஊர்களிலே மக்களும் இல்லை. அவர்களும் மூட்டையுடன் நகர்ந்துகொண்டே இருந்தனர். நோர்வேக்காரர் கோயிலைக் காத்தனர், மக்கள் வேறாயினர். சுவீடன்காரர் கோயிலையும் மக்களையும் ஒருங்கே காத்தனர். செல்வ நாடு, அமைதி நாடு, அது இயன்றது. நம்மவர்க்குத் தோளால் தூக்கக்கூடியது எதுவோ அதுவே கோயிலாயிற்று.

முல்லைத்தீவுக் கடற்கரையிலே இருந்த புனித இராயப்பர் ஆலயம் 2004ஆம் ஆண்டு திசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலையிற் சிதைந்ததை நாம் அறிவோம். கல்லும் சீமெந்தும் நிலைபேறுடையன என்று எண்ணுவோர்க்கு அந்நாளும், அதன்பின் வந்த 2009ஆம் ஆண்டும் போதும். இந்நிலத்திலே கற்கோயிலுக்கும் ஓலைக்கோயிலுக்கும் வாழ்நாளில் பெரும் வேற்றுமை இல்லை போலும். ஆதலின் வன்னியின் கோயில் வரலாற்றை எழுதப் புகுவோர், அளவுகோலை எடுப்பதற்கு முன்னர் முதியோரிடம் சென்று, எந்தக் கோயிலிலிருந்து எதனை யார் தூக்கிச் சென்றனர், எங்கே இறக்கி வைத்தனர் என்று கேட்டு எழுதுதல் வேண்டும். பாடசாலை மாணவர்க்கு இதனை ஒரு விடுமுறைப் பயிற்சியாகவே கொடுக்கலாம். கேட்டு எழுதாவிடின், பெயர்ந்த காலத்தை நினைவிற்கொண்டவர் ஒவ்வொருவராக மறைந்துபோவர்.

2015ஆம் ஆண்டு தைப்பொங்கலுக்கு முன்னாள், சனவரி 14இலே, அந்நாளைய பாப்பரசர் பிரான்சிசு மடுவுக்கு வந்தார். அன்று காலையிலேதான் கொழும்பிலே யோசேவ் வாஸ் அடிகளைப் புனிதரென அறிவித்திருந்தார். மாலையிலே மடு வளவில் தமிழரும் சிங்களவரும் கூடியிருந்தனர். போரிலே பிள்ளைகளை இழந்த தாய்மார் இரு மொழியிலும் அங்கே இருந்தனர்.

1990ஆம் ஆண்டிலே துண்டிக்கப்பட்ட புகையிரதப் பாதை 2013ஆம் ஆண்டிலே மடு வீதிவரை மறுபடியும் திறக்கப்பட்டது. ஆடித் திருநாளுக்கும் ஆவணித் திருநாளுக்கும் இலட்சக்கணக்கில் மக்கள் வருகின்றனர். விடுதிகள் உள்ளன, ஆயினும் எல்லோர்க்கும் இடம் போதாது. ஆகவே வந்தோர் முதலிற் செய்வது மரநிழல் ஒன்றைத் தேடிப்பிடித்தல். நான்கு கம்பை நடுகின்றனர். மேலே படங்கு கட்டுகின்றனர். ஒரு மூலையிலே மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டுகின்றனர். மறுமூலையிலே ஒரு சிறு மாதா படத்தைச் சாய்த்து வைத்து மெழுகுதிரி ஏற்றுகின்றனர். சில நாள் அக்காட்டிலே கம்பும் கூரையுமான சிறு கோயில்கள் ஆயிரக்கணக்கில் நிற்கின்றன. திருநாள் முடிந்ததும் படங்கைச் சுருட்டி, ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு புறப்படுகின்றனர். கம்பு நட்ட குழிகள் மாத்திரம் எஞ்சுகின்றன. ஐப்பசி மழையில் அவையும் தூர்ந்துவிடும்.